பத்து வருஷம் ஷெட்டில் தூங்கின போர்ஷே: சாவியை உடனே திருப்பினா என்ன ஆகும்?

யூடியூபில் ஒரு ரகமான வீடியோக்கள் இருக்கு. பழைய ஷெட் கதவு கிறீச்சுனு திறக்கும். உள்ளே தூசி மூடிக் கிடக்கும் ஒரு ஸ்போர்ட்ஸ் கார். நாலு டயரும் காத்துப் போய் தரையோட தரையா இருக்கும். ஒருத்தர் புது பேட்டரியை மாட்டி, உள்ளே உட்கார்ந்து சாவியைத் திருப்புவார். 'குர்ர்... குர்ர்...' கொஞ்சம் கரும்புகை. அடுத்த விநாடி 'வ்ரூம்!' கைதட்டல், பின்னணி இசை, லட்சக்கணக்கில் வியூஸ்.

பார்க்க செமையா இருக்கும். ஆனா வருஷக்கணக்கா நின்ன ஒரு ஸ்போர்ட்ஸ் காருக்கு நாம செய்யக்கூடிய ரொம்ப மோசமான காரியம், அந்த அவசரச் சாவித் திருப்பல்தான். சில விநாடியில் இன்ஜினே போயிடலாம். தீப்பிடிக்கலாம். எல்லாம் நல்லபடியா நடந்து ஸ்டார்ட் ஆகிட்டா, அதைவிடப் பெரிய ஆபத்து காத்திருக்கு. ஓடுற வண்டி, நிக்காத பிரேக்!

உண்மையில், தூங்கின காரை எழுப்பும் வேலையில் சாவிக்குக் கிட்டத்தட்ட கடைசி இடம்தான். அதுக்கு முன்னாடி என்னவெல்லாம் செய்யணும், ஏன் அந்த வரிசையில் செய்யணும்? ஒரு குறிப்பிட்ட காரை வெச்சே பார்ப்போம்.

ஏன் போர்ஷே 944?

நம்ம ஊர் ரோட்டில் இதைப் பார்த்திருக்க வாய்ப்பு குறைவு. 1980-களில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இது பெரிய ஹிட். 1982-லிருந்து 1991 வரைக்கும் சுமார் 1,63,000 கார்கள் தயாராச்சு. முன்னாடி 2.5 லிட்டர் நாலு சிலிண்டர் இன்ஜின், ஐரோப்பிய மாடலில் 163 குதிரைத்திறன். கியர்பாக்ஸ் மட்டும் பின்னாடி. இன்ஜின் எடை முன்னாலும் கியர்பாக்ஸ் எடை பின்னாலும் இருக்கிறதால, வண்டியோட எடை கிட்டத்தட்ட சரிபாதியா பிரிஞ்சு, வளைவுகளில் அட்டகாசமா திரும்பும்.

இவ்வளவு தயாரான கார் என்பதால் பிற்காலத்தில் 944 விலை நல்லா இறங்கிடுச்சு. 'கம்மி விலைக்கு ஒரு போர்ஷே' என்று வாங்கினவங்களில் பலருக்கு அதுக்கப்புறம்தான் விஷயம் புரிஞ்சுது. கார் விலைதான் இறங்கியிருக்கு. ஸ்பேர் பார்ட்ஸும் மெக்கானிக் கூலியும் போர்ஷே விலையிலேயே இருக்கு. ஒரு பெரிய ரிப்பேர் வரும். 'அப்புறம் பார்த்துக்கலாம்' என்று ஷெட்டில் விடுவாங்க. குழந்தை பிறக்கும், வேலை மாறும், உடம்பு முடியாமப் போகும். அந்த 'அப்புறம்' பத்து வருஷம் ஆகிடும். இப்படித் தூங்கிட்டிருக்கும் 944-கள் இன்னைக்கும் ஏராளம். அதனாலதான் பாடம் நடத்த இந்த கார்.

நிக்கிற வண்டி ஏன் கெடுது?

'ஓட்டவே இல்லையே, எப்படிக் கெடும்?' என்று தோணும். ஓடுற வண்டி தேயும்; நிக்கிற வண்டி அழுகும். காரில் இருக்கிற ஒவ்வொரு திரவத்துக்கும் ஆயுள் உண்டு. பெட்ரோல் சில மாதங்களில் பழசாகும். பிரேக் ஆயில் காற்றில் இருக்கிற ஈரத்தை உறிஞ்சும். கூலன்ட்டில் துருவைத் தடுக்கும் ரசாயனம் தீர்ந்துபோகும். இன்ஜினுக்குள்ள சிலிண்டர் சுவரில் ஒட்டியிருந்த ஆயில் மெள்ள வழிஞ்சு கீழே இறங்கிட, பிஸ்டன் வளையங்கள் வறண்டு நிக்கும். ரப்பர் காய்ஞ்சு வெடிக்கும். இதெல்லாம் போதாதுன்னு எலி வேற.

ஓடும்போது இன்ஜின் சூடு ஈரத்தை விரட்டும், ஆயில் எல்லா இடத்துக்கும் போகும், பிரேக் உராய்ஞ்சு டிஸ்க்கில் இருக்கிற துரு போகும். நின்னுட்டா இந்தப் பராமரிப்பு எல்லாமே நின்னுடும்.

வேலை 1: கையை வைக்காம பாருங்க

முதல்ல போட்டோ எடுங்க. தூசியைத் துடைக்கறதுக்கு முன்னாடியே. தூசிக்குக்கூட மதிப்பு உண்டுன்னு சொன்னா நம்புவீங்களா? 2014-ல் பிரான்ஸில் ஒரு பண்ணையில் பல பத்து வருஷம் கிடந்த கார் குவியல் கண்டுபிடிக்கப்பட்டது. அதில் பழைய பத்திரிகைக் கட்டுகளுக்கு அடியில் கிடந்தது ஒரு ஃபெராரி 250 ஜிடி கலிஃபோர்னியா ஸ்பைடர். அடுத்த வருஷம் பாரிஸ் ஏலத்தில், கிடைச்ச கோலத்திலேயே சுமார் 1 கோடியே 63 லட்சம் யூரோவுக்குப் போச்சு. நம்ம 944-க்கு அந்த அதிர்ஷ்டம் வராது. ஆனா எந்த ஒயர் எங்கே இருந்தது, எங்கே கசிவுக் கறை இருந்தது என்பதை அந்த போட்டோக்கள்தான் பின்னாடி சொல்லும்.

அடுத்து மாஸ்க், கையுறை போட்டுக்கிட்டு பானெட்டைத் திறங்க. எலிக்கழிவு காய்ஞ்சு தூசியோடு கலந்திருக்கும். அதை மூச்சில் இழுக்கக் கூடாது. ஏர் ஃபில்டர் பெட்டிக்குள்ள கூடு இருக்கா, ஒயர் கடிபட்டிருக்கா பாருங்க. ஒயர் தோல் உரிஞ்ச நிலையில் பேட்டரியை மாட்டினா ஷார்ட் சர்க்யூட்தான்.

944-ல் இன்னொரு இடத்தையும் பார்க்கணும். பழைய பேட்டரியிலிருந்து கசியும் ஆசிட், அது உட்கார்ந்திருக்கும் தட்டை அரிச்சு ஓட்டை போட்டுடும். அப்புறம் மழைத்தண்ணி நேரா காருக்குள்ள இறங்கும். கால் வைக்கும் இடத்தில் கார்ப்பெட் ஈரமா, பூஞ்சை வாடையோட இருந்தா சந்தேகமே வேண்டாம். இந்த காரின் பாடி துத்தநாகம் பூசின இரும்பு என்பதால், அதே காலத்து மற்ற கார்களைவிட துரு குறைவு. ஆனா துருவே பிடிக்காதுன்னு அர்த்தம் இல்லை.

ஆவணங்களையும் இப்பவே சரிபாருங்க. பாடியில் இருக்கிற சேஸிஸ் நம்பரும் பேப்பரில் இருக்கிற நம்பரும் ஒத்துப்போகலைன்னா, மேற்கொண்டு ஒரு ஸ்பேனரைக்கூட எடுக்காதீங்க.

வேலை 2: பழைய பெட்ரோலை வெளியேத்துங்க

பெட்ரோல் என்பது ஒரே பொருள் கிடையாது. பல ஹைட்ரோகார்பன்களின் கலவை. அதில் சீக்கிரம் ஆவியாகும் பகுதிதான் இன்ஜின் ஸ்டார்ட் ஆக உதவும். முதல்ல பறந்து போறதும் அதுதான். மிச்சமிருப்பது கெட்டியாகி, பிசின் மாதிரி ஒட்டும். பெட்ரோல் மூடியைத் திறந்ததும் வழக்கமான வாசனைக்குப் பதிலா வார்னிஷ் நாத்தம் அடிச்சா, உள்ளே இருக்கிறது எரிபொருளே இல்லை, அடைப்புதான்.

அந்த நிலையில் சாவியைத் திருப்பினா, பம்ப் அந்தப் பிசினை ஃபில்டர், பைப், இன்ஜெக்டர்னு எல்லா இடத்துக்கும் தள்ளிடும். டேங்கில் மட்டும் இருந்த பிரச்னை ஊர் முழுக்கப் பரவின கதை. அதனால டேங்கை முழுசா காலி பண்ணி, உள்ளே சுத்தம் பண்ணி, ஃபில்டரை மாத்தணும். இன்ஜெக்டர்களைக் கழற்றி அல்ட்ராசோனிக் முறையில் சுத்தம் செய்து தர்ற கடைகள் இருக்கு.

இதைவிட முக்கியம், இன்ஜின் மேல போற பெட்ரோல் ஹோஸ்கள். 35 வருஷத்துக்கு மேல ஆன ரப்பர் பார்க்க நல்லாவே இருக்கும். பம்ப் ஓடி அழுத்தம் ஏறினதும் ஒரு மெல்லிய விரிசலிலிருந்து பெட்ரோல் பீச்சும். பக்கத்துலேயே சூடான எக்ஸாஸ்ட் இருக்கு. பழைய கார்கள் நடுரோட்டில் எரியறதுக்கு முக்கியமான காரணங்களில் இது ஒண்ணு. பரிசோதனையே வேண்டாம். அத்தனை ஹோஸையும் புதுசா மாத்திடுங்க. தீயணைப்பான் ஒண்ணு கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

வேலை 3: இன்ஜினைக் கையால் சுத்துங்க

இப்ப பழைய ஆயிலை வடிச்சுட்டு புது ஆயில், புது ஃபில்டர். வடிச்ச ஆயில் காபி கலர்ல, பால் கலந்த மாதிரி இருந்தா உள்ளே தண்ணி கலந்திருக்குன்னு அர்த்தம். அங்கேயே நிறுத்தி காரணத்தைத் தேடணும்.

அடுத்து நாலு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றுங்க. இங்கே உங்க போனுக்கு வேலை இருக்கு. போனில் சொருகிக்கிற எண்டோஸ்கோப் கேமரா ஆன்லைனில் சில நூறு ரூபாயிலிருந்தே கிடைக்குது. பிளக் ஓட்டை வழியா விட்டா சிலிண்டர் சுவர் திரையில் தெரியும். பளபளன்னு இருந்தா சந்தோஷம். ஆரஞ்சுத் துரு தெரிஞ்சா, கட்டாயப்படுத்தி சுத்தக் கூடாது; கீறல் விழும்.

ஒவ்வொரு சிலிண்டரிலும் சில சொட்டு ஆயில் விட்டு, ஒரு நாள் ஊறவிடுங்க. காய்ஞ்சு ஒட்டின வளையங்களுக்கு அது வழுக்கல் கொடுக்கும். அப்புறம் கிராங்க் ஷாஃப்ட் போல்ட்டில் நீளமான ஸ்பேனரை மாட்டி, இன்ஜின் வழக்கமா சுத்தும் திசையிலேயே மெதுவா சுத்துங்க. எதிர்த்திசையில் சுத்தினா டைமிங் பெல்ட் பல் தாண்டிடலாம். கை உணர்வுதான் இங்கே மீட்டர். மென்மையா சுத்தினா நல்லது. எங்கேயாவது 'டக்'குனு முட்டினா, பலத்தைக் கூட்டாதீங்க. செல்ஃப் மோட்டாருக்கு அந்த நிதானம் தெரியாது. தடை இருந்தாலும் அது முரட்டுத்தனமா இழுக்கும். கையால சுத்திப் பார்க்கறது அதுக்குத்தான்.

வேலை 4: 944-ன் உயிர், ஒரு ரப்பர் பெல்ட்

இந்தக் கட்டுரையிலேயே அதிகப் பணம் ஆபத்தில் இருக்கும் இடம் இதுதான். கொஞ்சம் நிதானமா படிங்க.

இன்ஜினுக்குள்ள பிஸ்டன் மேலும் கீழும் போகும். சிலிண்டர் தலையில் வால்வுகள் திறந்து மூடும். இரண்டையும் ஒரே தாளத்தில் வைக்கிறது டைமிங் பெல்ட். இன்ஜின் நிமிஷத்துக்கு 3,000 சுற்று சுத்தும்போது ஒவ்வொரு வால்வும் விநாடிக்கு 25 தடவை திறந்து மூடுது. 944-ல் வால்வு முழுசா திறந்து கீழே இறங்கி நிக்கிற இடமும், பிஸ்டன் மேலே ஏறி வர்ற இடமும் ஒண்ணோட ஒண்ணு மோதக்கூடிய தூரத்தில் இருக்கு. தாளம் சரியா இருக்கிற வரைக்கும் ரெண்டும் சந்திக்காது. பெல்ட் அறுந்தாலோ, சில பல் தாண்டினாலோ பிஸ்டன் நேரா வால்வில் மோதும். வால்வுகள் வளையும். சிலிண்டர் ஹெட்டைக் கழற்றியே ஆகணும். பல சமயம் அந்தச் செலவு காரின் விலையையே தொட்டுடும்.

எல்லா கார்களும் இப்படி இல்லை. இன்னொரு பிரபலமான ஸ்போர்ட்ஸ் காரான முதல் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5-ல் பெல்ட் அறுந்தா இன்ஜின் நின்னுடும், அவ்வளவுதான். பிஸ்டனும் வால்வும் மோதாது. புது பெல்ட் போட்டுட்டுக் கிளம்பலாம். ஒரே மாதிரி தூங்கின ரெண்டு கார். ஒண்ணில் தப்பு நடந்தா ஒரு பெல்ட் செலவு, இன்னொண்ணில் ஒரு இன்ஜின் செலவு. நீங்க எழுப்பப் போற கார் எந்த ரகம் என்பதை முதல்லயே தெரிஞ்சுக்கணும்.

நின்ன வண்டியில் பெல்ட் ஏன் ஆபத்து? வருஷக்கணக்கா ஒரே நிலையில் வளைஞ்சு நின்ன ரப்பர் இறுகிடும். அது சுத்தும் பல்சக்கரங்களில் துரு இருக்கலாம். பெல்ட்டை இழுத்துப் பிடிக்கிற ரோலர்களில் கிரீஸ் காய்ஞ்சிருக்கலாம். இதில் இன்னொரு சிக்கல், 944-ல் அதே பெல்ட்தான் வாட்டர் பம்ப்பையும் சுத்துது. பம்ப் துருப்பிடிச்சு இறுகியிருந்தா, செல்ஃப் அடிச்ச முதல் நொடியிலேயே பெல்ட் பல்லு போயிடும்.

பெல்ட் ஒண்ணு இல்லை, ரெண்டு. நாலு சிலிண்டர் இன்ஜினுக்கே உரிய அதிர்வைக் குறைக்க போர்ஷே ரெண்டு பேலன்ஸ் ஷாஃப்ட்களை வெச்சது. அந்தத் தொழில்நுட்பத்தின் காப்புரிமை மிட்சுபிஷி கிட்ட இருந்ததால, போர்ஷே அவங்களுக்குப் பணம் கொடுத்து வாங்கிச்சு. அந்த ஷாஃப்ட்களுக்குத் தனி பெல்ட். அது அறுந்து டைமிங் பெல்ட்டில் சிக்கினாலும் முடிவு ஒண்ணுதான்.

அதனால வெளித்தோற்றம் எப்படி இருந்தாலும் சரி, கிலோமீட்டர் எவ்வளவு குறைவா ஓடியிருந்தாலும் சரி, ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி ரெண்டு பெல்ட், ரோலர்கள், வாட்டர் பம்ப் எல்லாத்தையும் சேர்த்து மாத்தணும். பெல்ட்டுக்கு வயசுதான் கணக்கு, தூரம் மட்டும் இல்லை. இழுவிசையை அளந்து வைக்கத் தெரிஞ்ச மெக்கானிக்கிட்ட கொடுங்க. புது பெல்ட் கொஞ்ச தூரம் ஓடினதும் ஒருமுறை மறுபடி அளந்து பார்க்கணும். 'முதல்ல ஸ்டார்ட் ஆகுதான்னு பார்ப்போம், அப்புறம் பெல்ட் மாத்திக்கலாம்' என்ற ஒரு வரிதான் எத்தனையோ 944-களைப் பழைய இரும்புக்கு அனுப்பியிருக்கு.

வேலை 5: பேட்டரி, கூலன்ட், ரிலே

பழைய பேட்டரியை சார்ஜ் போட்டு உயிர்ப்பிக்கப் பார்க்காதீங்க. வருஷக்கணக்கா காலியா கிடந்த லெட்-ஆசிட் பேட்டரியின் தகடுகளில் சல்ஃபேட் படிஞ்சு இறுகியிருக்கும். புதுசு போடுங்க. முழு சார்ஜில் அது சுமார் 12.6 வோல்ட் காட்டணும். மாட்டும்போது ஃபியூஸ் பெட்டியில் கை வெச்சுப் பாருங்க. எங்கேயாவது சூடோ கருகல் வாடையோ வந்தா உடனே கழற்றிடுங்க.

கூலன்ட்டை வடிச்சு, துரு கலரில் வந்தா பலமுறை அலசி, புது கூலன்ட் ஊத்துங்க. ரேடியேட்டர் ஹோஸ்களை அழுத்திப் பாருங்க. கல்லு மாதிரி இருந்தாலும் மாத்தணும், கொழகொழன்னு இருந்தாலும் மாத்தணும்.

944-க்கே உரிய ஒரு சின்ன டிப்ஸ். இன்ஜினின் கம்ப்யூட்டருக்கும் பெட்ரோல் பம்ப்புக்கும் மின்சாரம் கொடுப்பது ஒரு சின்ன ரிலே. உள்ளே இருக்கிற சால்டர் இணைப்புகள் காலப்போக்கில் விரிசல் விடும். 'எல்லாம் சரியா இருக்கு, ஆனா ஸ்டார்ட் ஆகலை' என்ற புகாரில் முதல் குற்றவாளி பெரும்பாலும் இதுதான். முழு இன்ஜினையும் சந்தேகப்படறதுக்கு முன்னாடி அந்த ரிலேயை மாத்திப் பாருங்க.

வேலை 6: நிக்கத் தெரியாம ஓடாதீங்க

பெரும்பாலான வீடியோக்கள் வேகமா ஓட்டிவிடும் பகுதி இது. இன்ஜின் ஸ்டார்ட் ஆகலைன்னா ஏமாற்றம் மட்டும்தான். பிரேக் பிடிக்கலைன்னா உயிரே போகலாம்.

பிரேக் ஆயில் என்று நாம சொல்ற திரவம் ஈரத்தை இழுக்கும் குணம் கொண்டது. புது டாட் 4 ஆயிலின் கொதிநிலை குறைஞ்சது 230 டிகிரி செல்சியஸ். ஈரம் கலந்த பிறகு 155 டிகிரி வரைக்கும்கூட இறங்கிடலாம். தொடர்ந்து பிரேக் பிடிக்கும்போது சூடேறி ஆயில் கொதிச்சா, குழாயில் ஆவிக் குமிழ்கள் உருவாகும். திரவத்தை அழுத்தினா அழுத்தம் சக்கரத்துக்குப் போகும். குமிழை அழுத்தினா அது சுருங்கும், அவ்வளவுதான். கால் கீழே போகும், வண்டி நிக்காது.

அதே ஈரம் காலிப்பர் பிஸ்டன்களையும் துருப்பிடிக்க வைக்கும். ரப்பர் பிரேக் ஹோஸ்கள் உள்பக்கமா வீங்கி அடைச்சுக்கும். பிரேக் பிடிக்கும், ஆனா விடாது. எனவே ஆயில், ஹோஸ் எல்லாம் புதுசு. காலிப்பர்களைக் கழற்றி, சீல் மாத்தணும்.

அடுத்து டயர். பக்கவாட்டில் 'டாட்' என்று தொடங்கும் எழுத்துகளின் முடிவில் நாலு எண்கள் இருக்கும். உதாரணத்துக்கு 2314 என்றால், 2014-ம் வருஷத்தின் 23-வது வாரத்தில் தயாரான டயர். ஷெட்டில் நின்ன காரின் டயரில் பட்டன் ஆழம் புதுசு மாதிரியே இருக்கும். அதுதான் பொறி. ரப்பர் உள்ளுக்குள்ள இறுகி, பிடிமானத்தை இழந்திருக்கும்.

'ஃபாஸ்ட் அண்ட் ஃப்யூரியஸ்' பால் வாக்கரை நினைவிருக்கா? 2013 நவம்பர் 30-ம் தேதி கலிஃபோர்னியாவில் அவர் பயணம் செய்த போர்ஷே கரேரா ஜிடி விபத்துக்குள்ளாகி, ஓட்டிய நண்பரும் அவரும் உயிரிழந்தாங்க. மணிக்கு 45 மைல் வேகம் அனுமதிக்கப்பட்ட சாலையில் 80-லிருந்து 93 மைல் வேகத்தில் போனதுதான் காரணம் என்று விசாரணையாளர்கள் சொன்னாங்க. கூடவே அவங்க குறிப்பிட்ட இன்னொரு விஷயம், அந்த காரின் டயர்கள் ஒன்பது வருஷம் பழசு. வேகம் முதல் குற்றவாளி என்பதில் சந்தேகமில்லை. ஆனா பழைய டயரோட ஒரு ஸ்போர்ட்ஸ் காரை ரோட்டில் இறக்க நினைக்கிறவங்க, அந்த ரிப்போர்ட்டை ஒரு நிமிஷம் யோசிச்சுப் பார்க்கணும்.

இப்ப சாவி!

ஒருவழியா வந்துட்டோம். ஆனா இப்பவும் நேரா ஸ்டார்ட் கிடையாது. முதல்ல அந்த ரிலேயைக் கழற்றி வைங்க. பெட்ரோலும் ஸ்பார்க்கும் வராது. பிளக்குகளும் வெளியேவே இருக்கட்டும். இப்ப செல்ஃபைச் சின்னச் சின்ன இடைவெளி விட்டு அடிங்க. 944-ன் டேஷ்போர்டில் ஆயில் பிரஷர் மீட்டர் இருக்கு. அதோட முள் மேலே ஏறும் வரைக்கும் இப்படியே செய்யணும். முள் ஏறினா, வறண்டு கிடந்த பேரிங்குகளுக்கு ஆயில் போய்ச் சேர்ந்தாச்சுன்னு அர்த்தம்.

அப்புறம் பிளக், ரிலே எல்லாம் மாட்டி, வண்டியை ஷெட்டுக்கு வெளியே தள்ளிட்டு வந்து ஸ்டார்ட் பண்ணுங்க. மூடின இடத்தில் இன்ஜினை ஓடவிட்டா கார்பன் மோனாக்சைடு நிறையும். வாசனையே இல்லாத, ஆளைக் கொல்லும் வாயு அது. ஒருத்தர் உள்ளே உட்கார்ந்து மீட்டர்களைப் பார்க்கணும், இன்னொருத்தர் வெளியே கசிவைப் பார்க்கணும். ஆரம்பப் புகை, நாம ஊத்தின ஆயில் எரிவது. சில நிமிஷத்தில் குறையணும். ஆயில் பிரஷர் வரலைன்னாலோ, உலோகம் தட்டும் சத்தம் கேட்டாலோ, பெட்ரோல் வாடை வந்தாலோ உடனே ஆஃப்.

முதல் ஓட்டம், வெறும் பத்து மீட்டர். போய், பிரேக் பிடிச்சு நிறுத்துங்க. திரும்பப் பத்து மீட்டர். சக்கரங்களைத் தொட்டுப் பாருங்க. ஒண்ணு மட்டும் சூடா இருந்தா அந்தப் பக்கம் பிரேக் விடலை. கிளட்ச் மிதிச்சும் கியர் விழலைன்னா, கிளட்ச் தட்டு ஃப்ளைவீலில் ஒட்டியிருக்கலாம். 944-ல் இது பெரிய தலைவலி. பல கார்களில் கிளட்ச் தட்டின் மையமே ரப்பரால் ஆனது. வயசானா அது பிய்ஞ்சு போகும். கியர்பாக்ஸ் பின்னாடி இருக்கிறதால, கிளட்ச்சைத் தொட நடுவில் இருக்கிற நீளமான குழாய் அமைப்பையே நகர்த்தணும். கூலி மட்டுமே கண்ணைக் கட்டும்.

எழுப்பணுமா, புதுசாக்கணுமா?

இது ரெண்டும் வேற வேற. 2014-ல் ஜெர்மனியில் ஒரு டி.வி. நிகழ்ச்சிக் குழு ஒரு கொட்டகையில் பழைய 911 ஒண்ணைக் கண்டுபிடிச்சது. 1964-ல் தயாரான, ஆரம்பகாலத்து 57-ம் எண் கார் அது. போர்ஷே மியூசியம் அதை வாங்கி, மூணு வருஷம் வேலை பார்த்து, 2017 டிசம்பரில் காட்சிக்கு வெச்சது. காரைத் தயாரிச்ச கம்பெனிக்கே மூணு வருஷம்!

நமக்கு வேண்டியது பெரும்பாலும் அது இல்லை. பாதுகாப்பா ஓடுற ஒரு கார். பெயின்ட் மங்கலா இருக்கட்டும், சீட் கிழிஞ்சிருக்கட்டும். முதல் ரூபாய் பிரேக், டயர், பெட்ரோல் ஹோஸ், பெல்ட்டுக்குப் போகணும். பாலிஷுக்கும் மியூசிக் சிஸ்டத்துக்கும் கடைசி ரூபாய். வரிசையை மாத்தினவங்கதான் பாதியில் பணம் தீர்ந்து, பளபளக்கும் ஓடாத காரோட மறுபடி ஷெட் கதவைப் பூட்டறாங்க.

வாங்கறதுக்கு முன்னாடியே மேலே சொன்ன வேலைகளுக்கு ஒரு மெக்கானிக்கிட்ட எஸ்டிமேட் கேளுங்க. அந்தத் தொகையையும் காரின் விலையையும் கூட்டிப் பாருங்க. அதே மாடலில் நல்லா ஓடிட்டிருக்கிற கார் அதைவிடக் குறைவா கிடைச்சா, ஓடுறதை வாங்குறதுதான் புத்திசாலித்தனம். அப்பாவோட கார், தாத்தாவோட கார் என்றால் கணக்கு வேற. அது உங்க முடிவு.

போர்ஷே இல்லாதவங்களுக்கு...

2020 லாக்டௌனில் நம்ம தெருக்களில் மாசக்கணக்கா நின்ன கார், பைக்குகளை நினைச்சுப் பாருங்க. பேட்டரி செத்துச்சு, எலி ஒயரைக் கடிச்சுது, பிரேக் ஒட்டிக்கிச்சு. வெளிநாடு போறவங்க வீட்டு வண்டிக்கும் இதே கதைதான். இப்ப நம்ம பங்குகளில் கிடைக்கிற இ20 பெட்ரோலில் 20 சதவிகிதம் எத்தனால். எத்தனால் ஈரத்தை இழுக்கும் என்பதால், மாசக்கணக்கா வண்டியை நிறுத்தப் போறவங்க கூடுதல் கவனமா இருக்கணும்.

நிறுத்தும்போதே இதைச் செஞ்சுட்டா, பின்னாடி எழுப்பறது சுலபம்:

* பழைய ஆயிலோட நிறுத்தாதீங்க. அதில் சேர்ந்திருக்கிற ஈரமும் அமிலமும் உள்ளே அரிக்கும். புது ஆயில் மாத்திட்டு நிறுத்துங்க.
* பேட்டரி இணைப்பைக் கழற்றி வைங்க.
* டயரில் காத்தைச் சரியா நிரப்புங்க.
* சமதளத்தில், சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, கியரில் விடுங்க. ஹேண்ட் பிரேக் போட்டு மாசக்கணக்கில் விட்டா ஒட்டிக்கும்.
* வாரம் ஒருமுறை அஞ்சு நிமிஷம் ஸ்டார்ட் பண்ணி ஆஃப் பண்றது நல்லதுன்னு பலர் நினைக்கிறாங்க. இன்ஜின் முழுசா சூடாகாம, ஈரம் உள்ளேயே தங்கும். முடிஞ்சா யாராவது அரை மணி நேரம் ஓட்டிட்டு வரட்டும். இல்லைன்னா அப்படியே விட்டுடலாம்.

இதைப் படிச்சு முடிச்சதும் போனை எடுத்துட்டு கீழே போங்க. உங்க வீட்டு வண்டியின் டயரில் அந்த நாலு எண்ணைத் தேடி ஒரு போட்டோ எடுங்க. ஸ்டெப்னியையும் விட்டுடாதீங்க, வீட்டிலேயே வயசான டயர் பெரும்பாலும் அதுவாத்தான் இருக்கும்.